கவச வண்டிகளின் கூட்டுறவு வாரம்

துணைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனது தவறான பைல் என்று பெனிஷுக்குத் தெரியவந்தபோது, மெயில் போய்ப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

காலையில் வந்து கணினியைத் திறந்தவன், நேற்று அனுப்பியது ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று சும்மா ஒரு தடவை பார்த்தான். இணைப்பைத் திறந்தான். 'கூட்டுறவு வார விழா, உத்தேச நிகழ்ச்சி நிரல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு வரி இருந்தது.

'முதல் கட்டம்: மூடுபனி விலகும் நேரம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நான்கு கவச வண்டிகள் நிற்கின்றன.'

பெனிஷ் எழுந்து நின்றான். பிறகு எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தான்.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் தாழையன்குளம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் அவன் எழுத்தர். ஒன்பது வருட சர்வீஸ். நவம்பர் மாதம் பிறந்தால் கூட்டுறவு வாரம் வரும். அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேலிடத்திலிருந்து கேட்பார்கள். போன வருட பைலைத் திறந்து, ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பிவிட வேண்டும். கொடியேற்றம், மரக்கன்று நடுதல், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி, மூத்த உறுப்பினருக்குப் பொன்னாடை. ஒன்பது வருடமும் இதில் ஒரு தவறு நேர்ந்ததில்லை. 2015-இல் நேர்ந்துவிட்டது.

போன பைல் அவனுடைய சொந்த சமாச்சாரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, மீன்குழம்பும் சோறும் உண்டபின் பெனிஷ் ஒரு டேங்க் ஓட்டுவான். கம்ப்யூட்டரில்தான். குறும்பனைக்காரன் டிஜோ ஷார்ஜாவிலிருந்து இன்னொரு டேங்க் ஓட்டுவான். கல்லூரிக் காலத்துச் சிநேகம். இருவருக்கும் அந்த விளையாட்டில் ஒரே ஒரு குறை. பதினைந்து பேர் இந்தப் பக்கம், பதினைந்து பேர் அந்தப் பக்கம், கண்டபடி சுட்டுக்கொண்டு சாவார்கள். யாருக்காகச் செத்தோம், எதற்காகச் செத்தோம் என்று ஒரு விவரமும் கிடையாது. கதையே இல்லை.

அப்படி இருக்கையில், விளையாட்டை நடத்தும் கம்பெனி ஒரு அறிவிப்பு போட்டது. நாலு பேர் சேர்ந்து ஆடுகிற மாதிரி, கதையோடு கூடிய ஒரு கோ-ஆப் கேம்பெய்ன் கொண்டுவரலாம் என்று இருக்கிறார்கள். யோசனை உள்ளவர்கள் எழுதலாம்.

"நீ தமிழ்ல எழுது மக்கா, நான் இங்கிலீஷ்ல மாத்திப் போடுகேன்" என்றான் டிஜோ.

மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், சங்கத்துக் கணினியில் பெனிஷ் எழுதினான். ஏழு கட்டம், ஏழு பக்கம். நாலு வண்டிகள். ஒன்று வேவு வண்டி, அதற்குக் கண் உண்டு, பீரங்கி கிடையாது. ஒன்று கனத்த டேங்க், அதற்குப் பீரங்கி உண்டு, பத்தடிக்கு மேல் கண் தெரியாது. மூன்றாவது சரக்கு வண்டி. நாலாவது மீட்பு வண்டி, அதனிடம் ஒரு சங்கிலியைத் தவிர ஆயுதம் எதுவும் இல்லை. ஒரு வண்டி சேற்றில் மாட்டினால் மற்ற மூன்றும் மேலே போக முடியாது. தனியாக முன்னால் ஓடுகிறவனுக்கு மதிப்பெண் இல்லை. கடைசிக் கட்டத்தில் யாரும் யாரையும் சுடுவதே இல்லை, வெள்ளத்தில் மாட்டிய ஒரு ஊருக்கு விதைநெல் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு கதை முடியும். 

பைலுக்கு 'கோ-ஆப் கேம்பெய்ன்' என்று பெயர் வைத்திருந்தான். கூட்டுறவு என்பதும் இங்கிலீஷில் கோ-ஆப்தான், கூட்டுறவு வாரப் பைலுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர். நேற்று மாலை நெட் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. இணைப்பைப் போட்டு உட்கார்ந்திருக்கும்போதே யூரியா லாரி வந்துவிட்டது. மெயில் போகிறவரைக்கும் கம்ப்யூட்டரை அணைக்காதீங்க என்று அலுவலக உதவியாளர் செல்லத்தாயிடம் சொல்லிவிட்டு குடோனுக்கு ஓடினான். மூட்டை எண்ணி முடித்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்த அவசரத்தில் தவறாகப் போட்டுவிட்டோம் என்று இப்போது தோன்றியது. நாகர்கோவிலுக்குப் போன் போட்டான். அங்கே எடுத்த எழுத்தர், மேடம் காலையிலேயே பிரிண்ட் எடுத்து அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறார்கள் என்றார்.

பெனிஷ் உடனே சரியான பைலைத் தேடி எடுத்து, மூன்று முறை திறந்து பார்த்து, 'முந்தைய மின்னஞ்சலை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பினான். அரை மணி நேரத்தில் பதில் போனிலேயே வந்தது. செயலாளரும் எழுத்தரும் மூன்று மணிக்கு நேரில் வர வேண்டும்.

செயலாளர் வைகுண்டராஜனுக்கு மார்ச் மாதம் ஓய்வு. முப்பத்தெட்டு வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவர். ஏழு பக்கத்தையும் உட்கார்ந்து படித்தார். செல்லத்தாய் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெனிசே, இதுல யாருவே எதிரி?"

"தெரியாது சார். மூணாவது கட்டத்துலதான் வருவான்."

"எனக்கு மார்ச்சுல ரிட்டயர்மென்ட். அதுக்கு முன்னால வந்துருவானாவே?"

நாகர்கோவில் வடசேரிக்குப் போகிற பஸ்ஸில் இருவரும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வைகுண்டராஜன் அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். உள்ளதைச் சொல்லலாம், விளையாட்டு என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். அலுவலகப் படி ஏறும்போது இன்னொரு திருத்தம் வந்தது. டேங்க் என்பதையும் சொல்ல வேண்டாம். கதவைத் தள்ளும்போது சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

துணைப் பதிவாளர் பூங்கனி கருங்கல் பக்கத்துக்காரர். பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மேசையில் இரண்டு காகிதக் கட்டுகள் இருந்தன.

"நேத்து வந்ததையும் படிச்சேன், இன்னைக்கு வந்ததையும் படிச்சேன்" என்றார். "இன்னைக்கு வந்தது போன வருஷத்து பைல்ல இருக்கு. அதுக்கு முந்தின வருஷத்துலயும் இருக்கு. ஒரு வருஷம் ஆண்டைக்கூட மாத்தாம அனுப்பியிருக்கீங்க."

வைகுண்டராஜன் தரையைப் பார்த்தார்.

"நேத்து வந்ததை ஏன் ரத்து செய்யச் சொன்னீங்க? பயந்துட்டீங்களா?"

பெனிஷ் வாயைத் திறந்தான். அதற்குள் அவரே தொடர்ந்தார். இருபது வருடமாகக் கூட்டுறவு வார அறிக்கைகளைப் படித்துவருவதாகவும், கூட்டுறவு என்றால் என்ன என்று சொல்கிற ஒன்றை இப்போதுதான் முதல்முறை பார்ப்பதாகவும் சொன்னார். ஆளுக்கொரு பலம், ஆளுக்கொரு குறை, ஒருவனை விட்டுவிட்டு இன்னொருவன் போக முடியாது. இதைவிட எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார்.

"எதிரி யாருன்னு வெளிப்படையாச் சொல்லாம விட்டிருக்கீங்க பாருங்க, அது எனக்குப் புரிஞ்சுது. இடைத்தரகன்தானே?"

"ஆமா மேடம். அவனேதான்" என்றார் வைகுண்டராஜன்.

இதை நடத்திக் காட்ட வேண்டும், கடைசிக் கட்டத்தை மட்டுமாவது, பதினாலாம் தேதி தொடக்க விழாவில், தாழையன்குளத்திலேயே என்று பூங்கனி சொன்னார். பெனிஷுக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. நடத்த முடியாதபடிக்குச் சொல்லிவிட்டால் போதும். இதற்கு நாலு கனரக வாகனம் வேண்டும் என்றான். உங்களோடு சேர்த்து நாலு சங்கத்தை ஆளுக்கொரு டிராக்டர் அனுப்பச் சொல்கிறேன் என்றார். வெள்ளக்காடான இடம் வேண்டும் என்றான். பூங்கனி ஜன்னலைத் திறந்து காட்டினார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"நவம்பர் மாசம் பூதப்பாண்டில சேத்துக்கா மக்கா பஞ்சம்?" என்றார். உற்சாகத்தில் அவருக்கு அலுவலகத் தமிழ் விட்டுப்போயிருந்தது.

அடுத்த வாரம் நாலு சங்கத் தலைவர்களும் கூடினார்கள். பெனிஷ் யோசனையை விளக்கினான். விளக்கியதில் எல்லோருக்கும் புரிந்தது, ஒரு வண்டிக்குத்தான் பீரங்கி உண்டு என்பது. நாலு பேருக்கும் அந்த வண்டிதான் வேண்டும். ஆன்ட்ரூஸ் என்கிற தலைவர், தன் சங்கத்தில் உறுப்பினர்கள் அதிகம், டிராக்டரும் புதுசு, ஆகவே பீரங்கி தங்களுக்கே என்றார். மற்றவர்கள் எழுந்து போகத் தயாரானார்கள். கூட்டம் கலைந்தால் தப்பித்தோம் என்று பெனிஷ் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கையில், வைகுண்டராஜன் சமாதானம் செய்கிறேன் என்று ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டார். மூன்று வண்டிக்கும் பீரங்கி வைத்துக்கொள்ளலாம். மீட்பு வண்டிக்கு மட்டும் கிடையாது, அதை எங்கள் சங்கமே ஓட்டும்.

தாழையன்குளம் சங்கத்து வாடகை டிராக்டரை ஓட்டுகிறவர் இஞ்ஞாசி. டிராக்டரும் அவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சங்கத்துக்கு வந்தவர்கள், இரண்டு பேருக்கும் இருமல் உண்டு. மற்ற வண்டிகளில் ஆறங்குல பிளாஸ்டிக் குழாய்க்குப் பச்சை பெயின்ட் அடித்துப் பீரங்கியாக ஏற்றுவதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெனிஷிடம் வந்தார்.

"பீரங்கி இல்லாத வண்டிக்கு பட்டாளத்துல என்ன சோலி சாரே? நான் வரல்ல. வேற ஆளைப் பாருங்க."

இவர் வராவிட்டால் எல்லாம் நின்றுபோகும். பெனிஷ் வேண்டியதும் அதுதான். ஆனால் அவன் எழுதிய நாலு வண்டிகளில் அவனுக்குப் பிடித்தது மீட்பு வண்டிதான். அதை ஒருவர் கேவலமாகச் சொன்னதும் பொறுக்கவில்லை.

"மத்த மூணு வண்டிக்கும் எதிரி இருந்தாத்தான் வேலை. ஒங்க வண்டிக்குக் கூட்டாளி இருந்தாலே வேலை உண்டு. இதை நான் எழுதும்போது மொதல்ல எழுதினது ஒங்க வண்டியத்தான்" என்றான்.

இஞ்ஞாசி துண்டைத் தலையில் கட்டினார். பிறகு போய் குடோனிலிருந்த பழைய சங்கிலிக்கு கிரீஸ் போட ஆரம்பித்தார். பெனிஷ் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

நடுவில் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வைகுண்டராஜன் பொறுப்பாக, பெனிஷ் எழுதிய வார்த்தைகளையே எடுத்துப் போட்டு மனு கொடுத்தார். 'நான்கு கவச வண்டிகள் தாழையன்குளம் வழியாக முன்னேறும்' என்று அதில் இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் பைக்கில் வந்து குடோனுக்குப் பின்னால் சுற்றிப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த யூரியா மூட்டைகளை வெகுநேரம் பார்த்தார். பெனிஷ் ஓடிப்போய் மனுவை வாங்கி, 'கவச வண்டிகள்' என்பதை அடித்துவிட்டு 'அலங்கார வண்டிகள்' என்று எழுதிக் கொடுத்தான்.

அதிகாரி போய்விட்டார். அலங்கார வண்டி வருகிறது என்ற செய்தி ஊருக்குள் போய்விட்டது. மறுநாள் தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரி, நாலு வண்டிக்கும் மாலை எத்தனை முழம் என்று கேட்டு வந்தார். சுற்று வட்டாரத்தில் என்ன கொடைவிழா, எந்தக் கோயில் என்று விசாரணை நடந்தது. வழக்கமாக அறுபது பேர் வருகிற விழாவுக்கு ஆயிரம் பேருக்குக் குறையாது என்று தெரிந்தது.

அன்று டிஜோ கூப்பிட்டான். கெடு முடியப்போகிறது, பைல் எங்கே என்று கேட்டான். பெனிஷ் நடந்ததைச் சொன்னான். 

"கம்பெனிக்காரன் இன்னும் படிக்கவே இல்ல மக்கா. அதுக்குள்ள நீ பூதப்பாண்டில ரிலீஸ் பண்ணிட்டியா?"

பதினாலாம் தேதி சனிக்கிழமை. மூன்று நாள் மழைக்குப் பிறகு வானம் வெளுத்திருந்தது. சங்கத்துக்குப் பின்னால் இருந்த தரிசு வயல் முழங்கால் சேறாகக் கிடந்தது. அந்தக் கரையில் கூட்டுறவுக் கொடி. இந்தக் கரையில் நாலு டிராக்டர், சரக்கு டிரெய்லரில் இருபது மூட்டை விதைநெல். வரப்பு தெரியாதபடி ஜனம். பூவை வீணாக்க வேண்டாம் என்று யாரோ இஞ்ஞாசியின் டிராக்டருக்கு ஒரு மாலை போட்டிருந்தார்கள். பூங்கனி மைக்கில் விதியைப் படித்தார். நாலு வண்டியும் சேர்ந்துதான் கொடியைத் தொட வேண்டும், தனியாகப் போகிறவருக்கு வெற்றி இல்லை. பெனிஷ் குடோன் ஓரத்தில், ஓடுவதற்கு வசதியான ஒரு இடத்தில் நின்றான்.

விசில் ஊதியதும் ஆன்ட்ரூஸ் தன் டிரைவருக்குப் பின்னால் தொற்றி நின்றுகொண்டு, நேராகக் கொடிக்கு விடச் சொன்னார். புது டிராக்டர் பீரங்கியை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. வயலின் நடுவில் அச்சுவரை இறங்கி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு முந்தப் பார்த்த வேவு வண்டி இன்னும் பத்தடி தள்ளி இறங்கியது. சரக்கு வண்டி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே இறங்கியது. ஜனம் சிரித்தது. கிட்டத்தில் பார்க்கலாம் என்று பூங்கனி ஜீப்பில் ஏறி வரப்புப் பாதையில் வந்தார். பாதை ஈரத்தில் வழுக்கியது. அரசாங்க ஜீப் மெல்லச் சரிந்து, ஒரு எருமை இறங்குவதுபோல நிதானமாக வயலுக்குள் இறங்கிப் படுத்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. வைகுண்டராஜன் பெனிஷின் கையைப் பிடித்துக்கொண்டார். 

"எனக்கு சர்வீஸ் மார்ச்சு வரைக்கும் போகாதுவே" என்றார்.

அப்போது ஒரு இருமல் சத்தம் கேட்டது. இஞ்ஞாசியா டிராக்டரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சேற்றில் உழுவதற்கான இரும்புச் சக்கரம் மாட்டிய அந்தப் பழைய வண்டி, புகை விட்டுக்கொண்டு, மாலையோடு, அவசரமே இல்லாமல் வயலில் இறங்கியது. முதலில் ஜீப். சங்கிலி மாட்டி இழுத்துக் கரையில் விட்டார். பிறகு சரக்கு வண்டியை இழுத்தார். அதை வெளியே எடுத்ததும் இறங்கி வந்து, சங்கிலியின் மறுமுனையை அந்த டிரைவர் கையில் கொடுத்தார். இனி ரெண்டு பேருமாக வேவு வண்டியை இழுக்கணும் என்றார். வேவு வண்டி வந்ததும் மூன்று பேருமாக ஆன்ட்ரூஸின் கனத்த டேங்க்கை இழுத்தார்கள். அது அசையவில்லை. வரப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்கள். ஆன்ட்ரூஸே குழாயைப் பிடுங்கி, ரெண்டாக உடைத்து, சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். பூங்கனி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நின்று தள்ளினார். முன்னூறு பேர் ஒரே குரலில் ஏலேலோ போட்டார்கள். டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே வந்தது.

நாலு வண்டியும் ஒன்றாகப் போய்க் கொடியைத் தொட்டன. விதைநெல் ஒரு மணி சிந்தவில்லை. யாருக்கும் முகம் தெரியவில்லை, எல்லோரும் ஒரே நிறமாக இருந்தார்கள். நாலு தலைவர்களில் மூத்தவர் என்ற முறையில் பொன்னாடை ஆன்ட்ரூஸுக்கு என்று முடிவாகியிருந்தது. அவர் அதை வாங்கி இஞ்ஞாசியின் தோளில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். குடோன் ஓரத்தில் ஓடத் தயாராக நின்ற பெனிஷ், தான் வயலின் நடுவில் இடுப்பளவு சேற்றோடு நிற்பதை அப்போதுதான் கவனித்தான். எப்போது இறங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

இனி மறைக்கக் கூடாது என்று தோன்றியது. பைப்படியில் கால் கழுவிக்கொண்டிருந்த பூங்கனியிடம் போய், எல்லாவற்றையும் சொன்னான். டேங்க் விளையாட்டு, கம்பெனியின் அறிவிப்பு, சாப்பாட்டு இடைவேளை, தவறாகப் போன பைல். மெமோ போடுவதானால் தனக்கு மட்டும் போடும்படியும், செயலாளரை விட்டுவிடும்படியும் கேட்டுக்கொண்டான்.

அவர் அடுத்த காலைக் கழுவினார்.

"மெமோ போடணும்னா அந்த இன்னொரு பைலுக்குத்தான் போடணும்" என்றார். "இதை அந்தக் கம்பெனிக்கும் அனுப்பி வைங்க. நாங்க ஏற்கனவே ஆடிப் பார்த்தாச்சு, நல்லாருக்குன்னு சேர்த்து எழுதுங்க."

எல்லோரும் போனபின் பெனிஷ் சங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தான். வைகுண்டராஜன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் தரையில் பதிந்த சேற்றுக் காலடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவசரத்துல ஒரு பைலை மாத்தி இணைச்சேன்க்கா. அந்த ஒரு பிழைக்கு என்ன பாடு பாத்தீங்களா" என்றான்.

செல்லத்தாய் துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்.

"நீங்க இணைச்சது சரியான பைலுதான் சாரே. நான்தான் அதை எடுத்துட்டு, மத்தியானம் நீங்க எழுதி வச்ச டேங்க் கதையப் போட்டு அனுப்பினேன். வருசா வருசம் அந்தப் பேச்சுப்போட்டிக்கு நாற்காலி தூக்குகது நான்லா."